சேர்த்த சர்க்கரையும் ஒரு ‘அல்லது’வும்

அம்மாவுக்கு சுகர் இருக்கிறது. போன மாதம் மாமா ஒரு லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் பாக்கெட்டோடு வந்தார். “அக்கா, இதுல சர்க்கரையே போடலை, தைரியமா குடிங்க” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. லேபிளில் ‘ஆடட் சுகர் 0 கிராம்’ என்றுதான் இருந்தது. அதற்கு நேர் மேல் வரியில் மொத்த சர்க்கரை 100 மில்லிக்கு எட்டு கிராமுக்கு மேல். அதை யாரும் படிக்கவில்லை.

இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று தேடியபோதுதான் ஆங்கில விக்கிப்பீடியாவின் ‘ஆடட் சுகர்’ பதிவை முழுதாகப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பமே சறுக்கல். ஆடட் சுகர் ‘அல்லது’ ஃப்ரீ சுகர் என்று, ஒரே பொருளுக்கு ரெண்டு பெயர் மாதிரி வைத்துவிட்டார்கள். (ஃப்ரீ என்றால் இலவசம் இல்லை, பழத்தின் செல்லுக்குள் அடைபடாமல் தனியாக இருக்கும் சர்க்கரை.) ப்ரோகிராமில் ரெண்டு வேறு வேரியபிளுக்கு ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

ரெண்டும் ஒன்றில்லை. ஃப்ரீ சுகர் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆலையோ, சமைப்பவரோ, சாப்பிடுபவரோ போட்ட சர்க்கரையோடு தேன், சிரப், பழச்சாறு எல்லாவற்றிலும் இயல்பாக இருப்பதும் அதில் சேரும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2016-இல் லேபிளுக்குக் கொண்டுவந்த ஆடட் சுகர் கணக்கில் நூறு சதவீதப் பழச்சாறு சேராது. நம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 விதியும் லேபிளில் கேட்பது மொத்த சர்க்கரையும் ஆடட் சுகரும்தான். ஃப்ரீ சுகர் என்று ஒரு வரி கிடையாது.

இப்போது மாமாவின் ஜூஸ் 200 மில்லியை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை சுமார் 17 கிராம். லேபிள் கணக்கில் பூஜ்யம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பதினேழும் சேரும். 2015 வழிகாட்டலில் அவர்கள் சொன்ன உச்சவரம்பு மொத்தக் கலோரியில் பத்து சதவீதம். ஐந்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரிக்கு ஐந்து சதவீதம் என்றால் 25 கிராம். ஒரே டம்ளரில் அதில் மூன்றில் இரண்டு பங்கு காலி!

பதிவில் இந்த வரம்போடு அமெரிக்க இதய சங்கத்தின் வரம்பும் வருகிறது. பெண்களுக்கு அவர்கள் சொல்வதும் 25 கிராம். எண் ஒன்றாக இருப்பதால் ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்வது போலத் தோன்றும். ஆனால் இதய சங்கம் எண்ணுவது ஆடட் சுகரை. அளவுகோலே வேறு. பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போய், அரைத்துக் கூழாக்கிய பழத்தின் சர்க்கரையையும் ஃப்ரீ சுகரில் சேர்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஒரு சங்கதி: சேர்த்த சர்க்கரையையும் இயல்பான சர்க்கரையையும் சாதாரண ஆய்வகப் பரிசோதனையில் பிரிக்க முடியாது, மூலக்கூறு ஒன்றுதான். அதனால் ரெண்டும் கலந்த பொருள் என்றால், எவ்வளவு சேர்த்தோம் என்ற பதிவேட்டைக் கம்பெனியே வைத்திருக்க வேண்டும் என்கிறது எஃப்.டி.ஏ. அவுட்புட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, லாக் வேணும். ஒரு கலைக்களஞ்சியம் முதலில் விளக்க வேண்டியது இதைத்தானே?

நம்ம ஊர் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி கதை வேறு. காபியில் போட்டால் ரெண்டு கணக்கிலும் அது சர்க்கரைதான், அதில் சண்டையே இல்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அந்த ‘அல்லது’வை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் ஜூஸ், ஒரு முழு ஆரஞ்சு, ஒரு டம்ளர் பால், ஒரு ஸ்பூன் தேன், இந்த நாலும் எந்தக் கணக்கில் சேரும், எதில் சேராது என்று ஒரு சின்ன அட்டவணை போடலாம். அம்மாவுக்கு அதைத்தான் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மாமா பார்த்துவிட்டு, “அப்போ பழமாவே வாங்கிட்டு வந்திருக்கலாமோ” என்றார்.