பழைய கியர் சைக்கிள்: திருத்துவதா, மாற்றுவதா?

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அந்த மாதங்களில் சம்மாந்துறையில் நெல் மூட்டை அடுக்கிய அறைகளிலும் பின் விறாந்தைகளிலும் வருடக்கணக்கில் கிடந்த கியர் சைக்கிள்கள் வெளியே வந்தன. ஓ.எல். பாஸானதற்கு வாப்பா வாங்கிக் கொடுத்தது, கட்டாருக்குப் போகுமுன் காக்கா ஓடியது, ஜப்பானில் பாவித்துக் கொள்கலனில் வந்திறங்கியது என்று பல வகை. பெற்றோல் திரும்பக் கிடைத்ததும் சில மறுபடியும் சுவரில் சாய்ந்தன. ஆனால் வட்டைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் சைக்கிளிலேயே போய்ப் பழகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பதினைந்து, இருபது வருடத்துச் சைக்கிள். செயின் நழுவுகிறது, பிறேக் பிடிக்கவில்லை, கியர் தானாக மாறுகிறது. இதில் காசு போடுவதா, தள்ளிவிட்டுப் புதிது எடுப்பதா?

ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக உண்டு. பழைய இரும்புக்கு ஈடில்லை என்பது ஒன்று. அதற்குப் போடுகிற காசுக்குப் புதுசே எடுக்கலாம் என்பது மற்றது. இரண்டும் சைக்கிளைக் குனிந்து பார்க்காமல் சொல்லப்படுபவை. பழையது எல்லாம் நல்ல இரும்பு அல்ல. புதுசு என்று கடை வாசலில் பளபளப்பதும் பழையதைவிட நல்லதாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைத் தெளிவாக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மவுண்டன் சைக்கிள் பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் எக்செல்சியர் போன்ற தடித்த டயர்ச் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, டமல்பைஸ் மலையில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21ஆம் திகதி அந்தப் பகுதியில் நடந்த ஓட்டப்போட்டிக்கு ரீபேக் என்று பெயர். பின் ஹப்புக்குள் இருந்த பிறேக்கின் கிறீஸ் ஒரே இறக்கத்தில் எரிந்துபோகும். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். அந்தப் பழைய வண்டிகளுக்கே டிரம் பிறேக் பூட்டினார்கள், கியர் பூட்டினார்கள். ஃபிறேம்கள் தாங்காமல் உடைந்துகொண்டிருந்தபோதுதான் ஜோ பிறீஸ் 1977இல் மலைப்பாதைக்கென்றே ஒரு புது ஃபிறேமைக் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனியின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலைத் தயாரிப்பாக வந்தது. உதிரிப்பாகம் தேய்ந்தால் பாகத்தை மாற்று, ஃபிறேம் தோற்றால் மட்டும் சைக்கிளை மாற்று என்ற வரிசையை அவர்கள் எழுதி வைக்கவில்லை, செய்து காட்டினார்கள். அந்த வரிசை நமக்கும் பொருந்தும் என்பதே என் கட்சி. அவர்கள் மலைக்காக மாற்றினார்கள். நமக்கு மலை இல்லை என்பது மட்டும் இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

சம்மாந்துறை தட்டையான நெல் நிலம். காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாக ஊருக்குள் வந்து, மல்வத்தை தாண்டி அம்பாறைக்குப் போகிற வீதியில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் ஒன்றுமில்லை. வீதியை விட்டு இறங்கினால் வாய்க்கால் கட்டு, கிறவல் றோட்டு, வட்டைக்குள் போகும் வண்டிப் பாதை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்தப் பக்கத்துக்குத் தந்த நீர்ப்பாதைகளின் கரைகள்தான் நமது மலைப்பாதை. ஏற்றத்தின் வேலையை இங்கே காற்று செய்கிறது. சிறுபோகக் காலத்தில் கச்சான் எழும்பினால், மேற்கே முகம் வைத்து மிதிப்பவனுக்குக் கியரின் அருமை தெரியும். ஒற்றைப் பல்லுச்சில்லு வைத்த லுமாலாவில் அந்த நேரம் இறங்கி உருட்டுபவர்கள் உண்டு. ஆக, இங்கே ஒரு சைக்கிளுக்கு வேண்டியவை: கிறவலில் குலுக்காத தடித்த டயர், காற்றுக்கு இறக்கிக்கொள்ள இரண்டு மூன்று கியர், மாரியில் பிடிக்கிற பிறேக், பின்னால் ஒரு கரியர், சேறடிக்காத மட்கார்ட்.

இந்தத் தேவைகளை வைத்துக்கொண்டு கடந்த பதினைந்து வருடங்களில் மவுண்டன் சைக்கிளில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். சக்கரம் 26 அங்குலத்திலிருந்து 27.5க்கும் 29க்கும் வளர்ந்தது. முன் ஃபோர்க் முன்னோக்கிச் சரிந்தது. செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுபவன் தலைகுப்புற விழாமலிருக்க அது உதவும். ஷொக்கின் இயக்கம் நீண்டது. ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக் பரவலாயிற்று. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவற்றின் பயன் பெரும்பாலும் கரடுமுரடான இறக்கத்தில்தான். பெரிய சக்கரம் கிறவல் குழியில் கொஞ்சம் இதமாக உருளும், அதை மறுக்கவில்லை. அந்த இதத்தின் பெரும்பகுதியை 26 அங்குலச் சக்கரத்தில் டயர் காற்றைச் சரியாக வைத்தே பெற்றுவிடலாம். எனவே நமது பாதையில் பழையது பின்தங்கிவிட்டது என்ற வாதத்துக்கு ஒரு கால்தான் இருக்கிறது, பிறேக். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஃபிறேம். கடை பாஸிடம் விலை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது சீற்றுக் குழாயைத் தளர்த்தி மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது. இரும்பு ஃபிறேமுக்குள் அலுமினியச் சீற்றுக் குழாய் இருந்து, கிறீஸ் இல்லாமல் கடற்காற்றில் வருடங்கள் போயிருந்தால், அலுமினியம் அரித்துப் பருத்து உள்ளே இறுகிவிடும். நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோரம் போக இது கூடும். இறுகிய குழாயைக் கழற்றப் போய் ஃபிறேமையே நெளித்தவர்கள் உண்டு. உயரம் பொருந்தினால் அப்படியே ஓடலாம். பொருந்தாவிட்டால் தீர்ப்பு அங்கேயே புதிய சைக்கிள் பக்கம் சாய்கிறது. அடுத்து சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு போகிற கூட்டைப் பார்க்க வேண்டும். சீற்றுக் குழாய் வழியே இறங்கும் மழைத்தண்ணீர் தங்குவது அதில்தான். ஒரு சிறு ஆணியால் அந்தக் கூட்டையும் அதன் பின்னால் சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்களையும் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தையாகக் கேட்டாலோ துரு பொரிப்பொரியாக உதிர்ந்தாலோ உள்ளிருந்து தின்றிருக்கிறது. கடைசியாக, ஹாண்டில் குழாயின் கீழ்ப்பக்கப் பொருத்தில் பெயின்ற் மயிரிழை போல வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முன்னால் மோதிய சைக்கிள் தன் காயத்தை அங்கேதான் வைத்திருக்கும்.

இந்த இடத்தில் இரும்பும் அலுமினியமும் வேறுபடுகின்றன. வெடித்த இரும்புக் குழாயை ஊரிலுள்ள நல்ல வெல்டிங்காரர் ஒட்டித் தரலாம். சைக்கிள் அலுமினியம் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது; ஒட்டினால் ஒட்டிய இடத்தைச் சுற்றிப் பலம் குறையும், திரும்பப் பதப்படுத்த இங்கே வசதியில்லை. ஒரு எல்லைக்குக் கீழான அழுத்தத்தை இரும்பு எத்தனை தடவையும் தாங்கும்; அலுமினியத்துக்குச் சிறிய அதிர்ச்சிகளும் கணக்கில் சேரும். ஆகவே வெடிப்புக் கண்ட அலுமினிய ஃபிறேமுக்கு இரண்டாம் யோசனை வேண்டாம், மாற்றுங்கள். பின்னாலும் ஷொக் வைத்த மலிவு ஃபிறேம்களையும் இதோடு சேர்ப்பேன். அவற்றின் மூட்டுகள் ஆடத் தொடங்கினால் அளவுக்குப் பொருந்தும் புஷ் கிடைப்பதில்லை. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிறிங் குடித்துவிடுகிறது. கரியர் பூட்டவும் இடமில்லை.

ஃபிறேம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாகம் கிடைக்குமா? உலகச் சந்தை 2010களின் நடுப்பகுதியிலேயே 26 அங்குலத்தைக் கைவிட்டுவிட்டது என்பது உண்மை. நமது சைக்கிள் கடைகள் கைவிடவில்லை. 26க்கு 1.95 டயரும் டியூபும், சாதாரண ஃபிறீவீலும், சதுர முனை அச்சும் இன்றும் கேட்டால் கிடைக்கிற சாமான்கள். அகலம் தசமத்தில் எழுதப்பட்ட 26 அங்குல டயர் ஒரு அளவு, 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதப்பட்டது இன்னொரு அளவு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். முதலாவது 559 மில்லிமீற்றர் ரிம்முக்கு, இரண்டாவது 590க்கு. ஜப்பானிலிருந்து வரும் சாதாரண வீட்டுச் சைக்கிள்களின் டயர் பெரும்பாலும் இரண்டாவது வகை. இரண்டிலும் 26 என்றுதான் அச்சிட்டிருக்கும், ஒன்று மற்றதில் ஏறாது. மாறாக, புதிய விலையுயர்ந்த மவுண்டன் சைக்கிளின் பன்னிரண்டு பல்லுக் கெசட்டோ அழுத்திப் பூட்டும் அச்சோ போனால் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். உதிரிப்பாகம் என்ற தராசில் பழையது தெளிவாகக் கனக்கிறது.

இனிச் செலவு. ஊரில் செய்யப்படும் கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. டயர், செயின், ஃபிறீவீல், பிறேக் கட்டை, வயர், குண்டு என்று எல்லாவற்றையும் கூட்டி, புதிய சைக்கிளின் விலைக்குப் பக்கத்தில் வைத்து, பாதி வந்துவிட்டதே என்கிறோம். இவை பழையதாய் இருப்பதன் செலவு அல்ல, ஓடுவதன் செலவு. புதிய சைக்கிளை எடுத்தாலும் சேற்றில் ஓடினால் சில வருடங்களில் இதே பாகங்கள் தேய்ந்து இதே கடைக்குத்தான் வரும். ஆகவே அவற்றைத் தராசின் இரு பக்கத்திலும் சமமாக வைக்க வேண்டும். பழைய சைக்கிளின் பேரில் மட்டும் எழுதத்தக்கவை ஃபிறேம் திருத்தம், புதிய சக்கரம், புதிய ஃபோர்க் போன்றவைதான்.

டொலரையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இறக்குமதியாகும் முழுச் சைக்கிளின் விலையில் டொலர் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. திருத்தத்தில் பெரிய பங்கு பாஸின் கைவேலை. அது நமது ரூபாயில், நமது ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. டொலர் ஏற ஏற, புதியதோடு ஒப்பிடுகையில் திருத்தம் மலிந்துகொண்டே போகிறது என்பதை 2022க்குப் பிறகும் நாம் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் திருத்தத்திலும் வீண்செலவு உண்டு. செயினை அளக்காமல் மாற்றுவது அதில் முதன்மையானது. 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அளவுகோலை ஒரு ஊசியில் வைத்து அளந்து பாருங்கள். அரை நூல் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் ஃபிறீவீலின் பல்லும் போயிருக்கும். அதை விட்டுவிட்டுப் புதுச் செயின் போட்டால் மிதிக்கும்போது நழுவும். முன் கியர் மாற்றி பழுதென்றால் அதற்கும் காசு போட வேண்டியதில்லை. கழற்றிவிட்டுச் செயினை நடுப்பல்லில் நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் ஏழு பல்லும் கச்சானுக்கும் போதும், காற்று முதுகில் அடிக்கும் நேரத்துக்கும் போதும். தார் வீதியில்தான் அதிகம் ஓட்டம் என்றால் முள்ளு டயருக்குப் பதிலாக வழுவழுப்பான 26க்கு 1.75 போடுவது, அதே காசில் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம். மிதித்த முதல் நாளே கால் உணரும்.

பிறேக் விஷயத்தில் எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது. ரிம்மைப் பிடிக்கும் பிறேக், ரிம் நனைந்தால் முதல் சுற்றில் பிடிக்காது. மாரியில் வட்டைச் சேறு கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் அரைத்து ரிம்மைத் தின்னும். ரிம்மின் பக்கத்தில் ஒரு நேரான தகட்டை வைத்தால் நடுவில் குழி தெரிகிறதா பாருங்கள். ஆழமான குழி விழுந்த ரிம், காற்று நிறைந்த டயரின் அழுத்தத்தில் ஓடும்போதே வெடித்துத் திறக்கலாம். இதை அலட்சியம் செய்ய யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். டிஸ்க் பிறேக்குக்கு இந்தக் குறை இல்லை. என்றாலும் பழைய ஃபிறேமுக்கு டிஸ்க் மாற்றப் புறப்படுவது தவறு. ஃபிறேமிலும் ஃபோர்க்கிலும் பிறேக்கைத் தாங்கும் காதுகள் இருக்காது, ஹப்பில் தட்டுப் பூட்டும் துளைகள் இருக்காது. காதை வெல்டிங் செய்து பூட்டினால், அந்த விசைக்கென்று செய்யப்படாத மெல்லிய குழாயில் முழுப் பாரமும் விழும். முன் ஃபோர்க்கில் அது உயிராபத்து. நல்ல கட்டையும் துருப்பிடிக்காத வயரும் புதிய ரிம்மும் போட்ட பழைய வீ பிறேக், தட்டை நிலத்து வேகத்துக்குப் போதுமானது. மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியை மூடும் நாட்களுக்கு எந்தப் பிறேக்கும் பதில் அல்ல. 2024 நவம்பரில் அந்தத் தண்ணீர் மத்ரசாப் பிள்ளைகளைக் கொண்டுபோன பிறகு, அதற்குள் சைக்கிளை இறக்குவது பற்றிப் பேசவே மனம் வரவில்லை.

ஷொக் ஃபோர்க் மாற்றும் ஆசையையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். மலிவு ஷொக் சாதாரண இரும்பு ஃபோர்க்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரம். சேறும் உப்பும் புகுந்து சில மாரிகளில் இறுகிவிடும். இயக்கம் நீண்ட ஷொக்கைப் பழைய ஃபிறேமில் பூட்டினால் முன்பக்கம் உயர்ந்து, ஹாண்டில் பொருத்தில் விழும் நெம்புவிசை கூடும். திருத்தம் என்ற பெயரில் ஃபிறேமைக் கெடுக்கும் வேலை இது.

பாகங்கள் நல்லதாக இருந்தும் மாற்றத்தான் வேண்டிய ஒரு நிலை உண்டு. ஆளுக்கு அளவு பொருந்தாத சைக்கிள். பன்னிரண்டு வயதில் வாங்கியதை இருபத்தைந்திலும் மிதித்தால் முழங்கால்தான் விலை கொடுக்கும். சீற்றை உயர்த்துவதற்கும் எல்லை உண்டு. அதை வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தனக்குப் பொருந்துவதை எடுப்பதே முறை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆளுக்கு அளவான, ஷொக் இல்லாத, இரும்பு ஃபிறேம் கொண்ட 26 அங்குலச் சைக்கிள் ஆணித் தட்டலில் தேறினால் சம்மாந்துறையில் அதை மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்றுமில்லை. தேய்ந்ததை மாற்றுங்கள், ரிம்மைப் பாருங்கள், கரியர் பூட்டுங்கள். பழைய நல்ல ஃபிறேம்கள் பலவற்றில் கரியருக்கும் மட்கார்டுக்கும் துளை இருக்கிறது. இன்றைய மவுண்டன் சைக்கிள்கள் பலவற்றில் இல்லை. வெடித்த அலுமினியம், உள்ளே துரு தின்ற கூடு, மூட்டு ஆடும் இரட்டை ஷொக், இந்த மூன்றுக்கும் ஒரு ரூபாயும் போட வேண்டாம். அவற்றுக்குப் பதில் புதிதாக எடுக்கும்போதும் அதே விலையில் டிஸ்க்கும் இரண்டு ஷொக்கும் காட்டும் மலிவு வண்டிக்குப் போகாமல், முன்னும் பின்னும் ஷொக் இல்லாத எளிய ஒன்றையோ பாவித்த நல்ல ஃபிறேமையோ தேடுங்கள்.

நடுவில் நிற்பது ஒரு வகைதான்: ஃபிறேம் வெடிக்காத அலுமினியம், முன் ஷொக் மட்டும் செத்துவிட்டது. இதைத் திருத்தலாம் என்றே சொல்வேன். இன்னொரு ஷொக் வேண்டாம், இரும்பு ஃபோர்க் போடுங்கள். ஆள் ஏறி உட்கார்ந்து ஷொக் பதிந்த நிலையில் அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலைவரை அளந்து, அந்த நீளத்துக்கு நெருக்கமானதை எடுக்க வேண்டும். அப்படி நெருக்கமானது கடையில் கிடைக்காவிட்டால், அந்தச் சைக்கிளையும் மாற்றும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.