தம்பலப்பூச்சி ஆய்வுகளில் பெயர் மயக்கம்

சித்த மருத்துவப் பூச்சிவழி மருந்துகள் பற்றிய பட்டியல்களில் தேன், மெழுகு, அரக்கு ஆகியவற்றுடன் இந்திரகோபமும் இடம்பெறுவதுண்டு. மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் இச்செந்நிற உயிரியே சங்க இலக்கியம் கூறும் மூதாய். தம்பலப்பூச்சி என்பது வழக்குப்பெயர். இதன் எண்ணெய் பக்கவாதத்திற்குப் பூசப்படுகிறது.

ஆயின் இது பூச்சியன்று. வளர்ந்த தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால்கள். சிலந்தி வகுப்பைச் சார்ந்த சிற்றுண்ணி அது. (இளம்பருவத்தில் ஆறு கால்களே உள்ளமை மயக்கத்தை மேலும் வளர்க்கும்.) பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளோ இதற்குக் 'கொச்சினீல்' எனப் பொருள் தந்தன. கொச்சினீல், அமெரிக்கக் கண்டத்துச் சப்பாத்திக்கள்ளியில் வாழும் சாயப்பூச்சி. அதனை வளர்க்கவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தார். அகராதியை மட்டும் நம்பும் ஆய்வாளர், சாயப்பூச்சிக்குரிய கார்மினிக் அமிலத்தைத் தம்பலப்பூச்சியின்மேல் ஏற்றிவிட நேரும்.

இதனினும் பெரிய குறை சோதனைமுறையில் உள்ளது. பக்கவாதத்திற்கு எண்ணெயாகப் பூசும் மருந்தை ஆல்ககாலில் சாறெடுத்து, நுண்ணுயிர்கள்மேல் சோதித்துவிட்டு, மரபறிவு மெய்ப்பிக்கப்பட்டது என முடிப்பதை ஏற்பதற்கில்லை. கேட்ட வினா ஒன்று, பெற்ற விடை வேறு.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கூடுவாஞ்சேரி அங்கிருந்து மின்தொடர்வண்டித் தொலைவுதான். இப்பகுதிப் புன்செய்கள் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. தம்பலப்பூச்சியோ மழையையொட்டிச் சில நாள்களே மண்மேல் தென்படும். இடமும் நாளும் குறித்து, விலங்கியலாரைக் கொண்டு இனம் உறுதிசெய்த மாதிரிகளைச் சேமிக்கும் பணியை இப்பருவத்திலேயே தொடங்கலாம்.