முதலில் தரையைப் பாருங்கள்

டாஸுக்கு முன் கேப்டன் குனிந்து பிட்சைத் தட்டிப் பார்ப்பார். இயற்கைவெளியில் நடனம் படமெடுக்கக் கிளம்பும் நம் ஜொகூர் இளைஞர்கள் மறப்பது இதைத்தான். ட்ரோன் தயார், உடை தயார், உதய நேரமும் குறித்தாயிற்று. தரையை மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

தரை தெரிந்து ஆடிய ஆட்டத்துக்கு உதாரணம் ‘டான்சிங் அட் டஸ்க்’. பீனா பௌஷ் 1975இல் அமைத்த ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ நடனத்தை, 14 ஆப்பிரிக்க நாடுகளின் 38 கலைஞர்கள் 2020இல் செனகல் கடற்கரையில் ஆடிய பதிவு அது. கொரோனாவால் டாக்கர் அரங்கேற்றம் ரத்தானது. பிரிவதற்கு முன் கடைசி ஒத்திகையை அந்திநேர மணலில் நடத்தினார்கள். இந்த நடனத்துக்கு மேடையிலேயே பீட் மண் கொட்டிப் பரப்புவது வழக்கம், நம் பொந்தியான் அன்னாசித் தோட்டங்களில் பார்க்கிறோமே, அந்த ரகம். கால் புதையும், மேலெல்லாம் அப்பும், மூச்சு வாங்கும். இதையெல்லாம் கணக்கில் வைத்தே அமைத்த ஆட்டம் என்பதால் மணலுக்குப் போனபோதும் குலையவில்லை.

மணல் லேசுப்பட்டதல்ல. கெட்டித் தரையைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகும் என்கிறது 1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வு. பரதத்துக்கோ சத்தமும் போய்விடும். குதித்துமெட்டில் முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தட்ட வேண்டும். டெசாரு மணலில் முன்பாதமே புதைந்துவிடுகிறது. குதிகால் எதைத் தட்டும்? சலங்கை குலுங்கும், அடி கேட்காது. பிறகு ஸ்டூடியோவில் தட்டுக்கழி ஓசையை ஒட்டினால் காலும் தாளமும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதை திரைப்பட இயக்குநர் மாயா டெரன் 1945இலேயே ஒரு படத்தில் காட்டிவிட்டார். அது சுமார் 3 நிமிட மௌனப் படம். நடனக்காரர் டாலி பீட்டி காட்டுக்குள் காலைத் தூக்குகிறார். அந்தக் கால் ஒரு வீட்டு அறைக்குள் இறங்குகிறது. காட்சி வெட்டுப்பட்டது, அசைவு அறுபடவில்லை. நூறடி உயரத்து ட்ரோனுக்கு இது சிக்காது. கணுக்காலைக் கண்ணெடுக்காமல் பார்க்கிற கேமராவுக்குத்தான் சிக்கும்.

இனி நம் மைதானங்கள். டெசாரு கிழக்கு பார்த்த கரை. சூரியன் கடலில் எழும், மாலையில் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வேறு. கடல்மேல் அந்தி வேண்டுமென்றால் தஞ்சோங் பியாய்க்குப் போக வேண்டும். அங்கே கண்டல் காட்டுச் சேறு காலை விடாது. உயர்த்திக் கட்டிய நடைபாதையில் தட்டினால் பதில் வரும். பத்து பகாட் பக்கம் குடா கெப்பாங் குதிரை நடனம் ஆடுபவர்களிடமும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம். திறந்தவெளி மண்ணில் ஆடிப் பழகிய கால்கள் அவை.

முதல் நாள் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். வெறுங்காலோடு போய்த் தட்டடவை மூன்று காலத்திலும் ஆடிப் பாருங்கள். மூன்றாம் காலத்தில் தாளம் நழுவினால் இடத்தை மாற்றுங்கள். இடம்தான் முக்கியம் என்றால், அடவை மாற்றுங்கள்.