தாரைக் காற்றைக் கண்டவர் யார்?

தரைக்கு மேலே ஏறத்தாழ 9 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு 30 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடும் குறுகிய காற்றோட்டமே தாரைக் காற்று. ஜெட் காற்று என்றும் இதனைச் சொல்வர். இதைப் பற்றிய பொது அறிவியல் நூல்கள் பலவற்றில் ஒரே கதையைக் காண்கிறோம். 1944 நவம்பரில் டோக்கியோவைத் தாக்கச் சென்ற அமெரிக்க பி-29 விமானங்கள் கடுங்காற்றில் சிக்கித் திணறின. அப்போதுதான் இக்காற்று கண்டுபிடிக்கப்பட்டது என்பதே அது. கதை சுவையானதுதான், ஆனால் சரியன்று.

ஜப்பானில் டடேனோ ஆய்வு நிலையத்தின் வசபுரோ ஓயிஷி, 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு, அவை செல்லும் திசையைத் தொடர்ந்து கணக்கிட்டு இக்காற்றை அளந்தார். குளிர்காலத்தில் சுமார் 9 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து விநாடிக்கு 70 மீட்டர் அளவுக்குக் காற்று வீசுவதைக் கண்டார். 1926-இல் வெளியான அவருடைய அறிக்கை எஸ்பெராண்டோ மொழியில் அமைந்திருந்தது.

இதை அறிந்த நூலாசிரியர்கள், "எஸ்பெராண்டோவில் எழுதியதால் எவரும் படிக்கவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். இதுவும் அரை உண்மையே. 1944-45-இல் ஜப்பான் இக்காற்றை நம்பித்தான் 9,000-க்கும் மேற்பட்ட குண்டு பலூன்களைப் பசிபிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவை நோக்கி அனுப்பியது. ஆகவே அந்த அறிவு ஜப்பானில் உறங்கிக் கிடக்கவில்லை. பிற நாடுகளுக்கு அது எட்டாமைக்கு மொழி ஒரு காரணம். அந்நாளில் விமானங்கள் பெரும்பாலும் அவ்வளவு உயரத்தில் பறக்காததால் தேவை எழவில்லை என்பது மற்றொரு காரணம்.

இந்நூல்களின் பெருங்குறை வேறு. கண்டுபிடிப்பை ஒரு நாள் நிகழ்ச்சியாகக் காட்டுகின்றன. அளந்தவர் ஓயிஷி; 1939-இல் தாரை என்று பொருள்படும் ஜெர்மன் பெயரைச் சூட்டியவர் சைல்கோப்ஃப்; 1940-களின் பிற்பகுதியில் விளக்கம் தேடியவர்கள் சிக்காகோவில் ராஸ்பியின் குழுவினர்.

நம் வானிலை அறிஞர் கோட்டேஸ்வரத்தின் பெயரோ பல நூல்களில் இல்லவே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் வான்மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் தாரைக் காற்றை 1958-இல் விரித்துரைத்து, அதனைத் திபெத்துப் பீடபூமியின் வெப்பத்தோடு தொடர்புபடுத்தியவர் அவர்.

"கண்டவர் யார்?" என்று கேட்பதை விட, "எதை, எப்போது, எவ்வாறு கண்டார்?" என்று மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தருவதே நல்ல அறிவியல் நூல்.