தோன்றா எழுவாய்

சுருக்கமாகச் சொல்வது நம்மிடையே ஓர் இலக்கிய குணமாக மட்டும் இல்லாமல் தார்மீக குணமாகவே ஆகிவிட்டிருக்கிறது. வரி குறைந்தால் கவிதை உயர்ந்துவிடுகிறது. அடைமொழியை வெட்டியவன் நேர்மையானவனாகிவிடுகிறான். மேடைத் தமிழின் ஆரவாரத்துக்கு எதிராக எழுந்தவர்களுக்கு இப்படியொரு நம்பிக்கை தேவையாக இருந்தது உண்மைதான். ஆனால் எதிர்வினையாகப் பிறந்த நம்பிக்கை மதிப்பீடாக இறுகிப்போகும்போது அதைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். சோதனைக்கு நான் எடுத்துக்கொள்வது கவிதையை அல்ல. நம் கவிஞர்கள் பொருட்படுத்தாத ஒரு சொற்பரப்பை: ராணுவ வாசகங்களை. ரெஜிமென்டின் சின்னத்தில் பொறித்தவை, பயிற்சிக்கூடத்துச் சுவரில் எழுதியவை, பாயும்போது கத்துபவை, கடைசி நேரத்தில் வயர்லெஸ்ஸில் சொன்னவை. சுருக்கம்தான் உண்மை என்றால் உலகத்திலேயே ஆகப் பெரிய உண்மையாளர்கள் பட்டாளத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆராய்வதற்கு வேண்டிய கருவி நம் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே இருக்கிறது. தொகையில் உருபு வெளியே தெரியாது. ஆனால் பொருளில் அது வேலை செய்துகொண்டிருக்கும். 'தொக்கி நிற்கிறது' என்பார் வாத்தியார். தோன்றா எழுவாயும் அப்படித்தான். 'வா' என்றால் 'நீ' மறைந்திருக்கிறது, கேட்டால் உடனே எழுந்து வரும். இது சொல்லாமலே உடனிருக்கும் மறைவு. இன்னொரு வகை மறைவும் உண்டு. விட்டதை யாரும் திருப்பிக் கேட்க முடியாதபடி விடுவது. வங்கியில் எனக்கு வரும் சுற்றறிக்கைகளில் ஊழியர்கள் எதற்காவது 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'. கேட்டுக்கொள்பவர் யார் என்பது நாலு பக்கத்திலும் இராது. முதல் வகைச் சுருக்கம் வாசகனை உள்ளே அழைக்கிறது. இரண்டாவது அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

சுருக்கப் பேச்சுக்கு ஐரோப்பிய மொழிகளில் ஒரு ராணுவச் சமூகத்தின் பெயரே நிலைத்துவிட்டது. லாக்கோனிக் என்ற சொல் ஸ்பார்ட்டாக்காரர்களின் நாடான லாக்கோனியாவிலிருந்து வந்தது. மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப், தான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று மிரட்டி எழுதியதற்கு அவர்கள் 'நுழைந்தால்' என்ற ஒரு சொல்லையே பதிலாக அனுப்பினார்கள் என்பது கதை. பதில் அழகானது. ஆனால் கி.மு. 338-ல் பிலிப் லாக்கோனியாவுக்குள் நுழைந்தான், நாட்டைச் சூறையாடினான், எல்லை நிலங்களைப் பிடுங்கி அண்டை அரசுகளுக்குக் கொடுத்தான். வாசகம் பிழைத்தது, நிலம் போயிற்று. இந்த வாசகங்களில் பலவற்றைத் தொகுத்துத் தந்த புளூட்டார்க், ஸ்பார்ட்டாக்காரர் அல்ல. அவர் எழுதியது நானூறு வருஷங்களுக்கும் மேல் கழித்து. நிலத்தை உழுது ஸ்பார்ட்டாவுக்குச் சோறு போட்ட அடிமைகளான ஹெலட்டுகள் கி.மு. 480-ல் தெர்மாப்பிலேயில் எஜமானர்களோடு செத்தும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாசகம் என்று ஒன்றும் தொகுப்பில் இல்லை. குறைவாகப் பேசுவது பேச உரிமை உள்ளவன் அனுபவிக்கும் சௌகரியம். வாய் திறக்க முடியாதவனின் மௌனத்தை யாரும் 'லாக்கோனிக்' என்று சொல்வதில்லை.

வாட்டர்லூவில் (1815) நெப்போலியனின் காவற்படைத் தளபதி காம்ப்ரோன் சொன்னதாக ஒன்று உண்டு: காவற்படை சாகும், சரணடையாது. அப்படிச் சொல்லவில்லை என்று அவரே மறுத்தார். அன்றைக்கு அவர் கைதியாகப் பிடிபட்டு, 1842 வரை உயிரோடு இருந்தார். மறுப்பை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னவன் பிழைத்திருப்பதுகூட வாசகத்துக்கு ஓர் இடைஞ்சல்தான். ராணுவ வாசகத்துக்கு ஆசிரியன் தேவையில்லை. வேண்டியது ஒரு பிணம் அல்லது ஒரு சுவர்.

நமக்கு நெருக்கமான உதாரணத்துக்கு வருகிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வரலாற்றை 1758-லிருந்து கணக்கிடுகிறது. அதன் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. இந்த ரெஜிமென்டுக்கு இரண்டு வாசகங்கள். ஒன்று சின்னத்தில் இருப்பது: கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்த மூன்று சமஸ்கிருதச் சொற்கள், தன் தர்மத்தில் நின்று சாவது மேல் என்று பொருள்படுபவை. மற்றது பாயும்போது எழும் முழக்கம்: 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!'

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. சாவது பற்றிய பேச்சு சமஸ்கிருதத்தில் இருக்கிறது. கொல்வது பற்றிய பேச்சு தமிழில் இருக்கிறது. செந்தமிழ்கூட இல்லை, 'கொல்' என்ற ஏவல் வாயில் 'கொல்லு' என்று நீண்ட பேச்சுத் தமிழ். மலையாளத்துக்காரனுக்கும் கன்னடக்காரனுக்கும் விளங்கக் கூடியது. தத்துவம் தேவ பாஷையில் உலோகத்தில் பொறிக்கப்படுகிறது. காரியம் தாய்மொழியில் தொண்டையிலிருந்து வருகிறது. ஒரு ஸ்தாபனம் தன் மதிப்பீடுகளை எந்த மொழியில் வைத்திருக்கிறது, வேலையை எந்த மொழியில் வாங்குகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இனி இலக்கணம். 'அடி', 'கொல்லு' இரண்டுக்கும் செயப்படுபொருள் கிடையாது. யாரை என்ற கேள்விக்கு இடமில்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் 1758-லிருந்து இன்றுவரை வெவ்வேறு எஜமானர்கள் வெவ்வேறு பெயர்களை அதில் நிரப்ப முடிந்திருக்கிறது. எழுவாயாவது இருக்கிறதா? விளியாக ஒரு பெயர் இருக்கிறது: 'மதராஸி'. தெற்கத்தியான் தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயர் அல்ல அது. வடக்கே அவனைத் தமிழன், தெலுங்கன், மலையாளி, கன்னடன் என்று பிரித்தறிய மெனக்கெடாதவர்கள் வைத்தது. பிறர் அலட்சியமாக அழைக்கும் பெயரையே ஒருவன் பெருமையாக உரக்கக் கத்துகிறான். இதில் பரிதாபம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஏளனத்தைக் கைப்பற்றித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் ஒரு தைரியமும் இருக்கிறது. ஆனால் கைப்பற்றியபின் அந்தப் பெயரால் அவனுக்குக் கிடைப்பது மறுபடியும் ஓர் ஏவல்தான்.

சின்னத்திலுள்ள 'மேல்' என்ற ஒப்பீட்டையும் பார்க்க வேண்டும். கோழையாக இருப்பதைவிடச் சாவது மேல் என்கிறது கூர்க்காக்களின் வாசகமும். ஒப்பீட்டு வாக்கியத்துக்கு இரண்டு தட்டுகள்தான். ஒன்றில் சாவு, மற்றதில் இழிவு. தராசுக்கு வெளியே மூன்றாவதாக ஒன்று இருக்கலாம், உத்தரவையே நிறுத்துப் பார்ப்பது, என்பது வாக்கிய அமைப்பிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இதே மெட்ராஸ் ராணுவத்தின் சிப்பாய்கள் அந்த மூன்றாவதைச் செய்தார்கள். நெற்றிக்குறியும் தாடியும் கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுக்கு எதிராக எழுந்தார்கள்; வெள்ளைக்காரர்களைக் கொன்றார்கள், அன்றைக்கே கூட்டம் கூட்டமாகக் கொல்லவும் பட்டார்கள். 1803-ன் அஸ்ஸாயே போர் ரெஜிமென்டின் யானைச் சின்னமாக நினைவில் இருக்கிறது. வேலூருக்குச் சின்னமும் இல்லை, வாசகமும் இல்லை.

இந்த வாசகங்களில் ஆக மேலானது என்று நான் கருதுவது டேராடூன் ராணுவ அகாடமியில் இருப்பது. 1932 டிசம்பர் 10 அன்று, அப்போதைய தலைமைத் தளபதி சர் பிலிப் செட்வுட் அங்கே ஆற்றிய உரையிலிருந்து வந்தது. உன் நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில். உன் கீழுள்ளவர்களின் மானமும் நலனும் சௌகரியமும் அடுத்து. உன்னுடைய சுகமும் சௌகரியமும் பாதுகாப்பும் கடைசியில், எப்போதும். அதிகாரத்தில் இருப்பவன் தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வாசகத்தை எந்த ஆபீஸ் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டே இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, பட்டியல். நாட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. அதிகாரிக்கும், கடைசியிலாவது, பாதுகாப்பு உண்டு. நடுவில் இருக்கும் ஜவான்களுக்கு மானம் உண்டு, நலன் உண்டு, சௌகரியம் உண்டு. பாதுகாப்பு என்ற சொல் மட்டும் இல்லை. மறதியால் விடுபட்டதாக நான் நினைக்கவில்லை. வாக்கியம் இங்கே தன்னை மீறி நேர்மையாக இருக்கிறது. ஜவானின் உயிர்தான் செலவழிக்கப்பட வேண்டியது; அதைக் காப்பதாக வாக்குக் கொடுக்க முடியாது.

மற்றது, 'உன் நாடு'. 1932-ல், பேசுகிறவர் ஏகாதிபத்தியத்தின் தளபதி. கேட்கிறவர்கள் அதன் குடிமக்கள். எது நாடு? அந்த முதல் அணியில் இருந்தவர்கள் நாற்பது பேர். அவர்களில் சாம் மானெக்‌ஷா 1971 போரின்போது இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி. முகமது மூசா 1965 போரின்போது பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைத் தளபதி. ஸ்மித் டன் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைத் தளபதி. ஒரே சுவர், ஒரே வாசகம், மூன்று நாடுகள். வாசகம் எந்த நாட்டோடும் பொருந்திப் போயிற்று. அதன் வலிமை எதுவோ அதுவேதான் அதன் சூன்யமும்.

ஆட்சேபம் எனக்குத் தெரியாததல்ல. குண்டு பாயும் இடத்தில் உபந்நியாசம் செய்ய முடியுமா? முடியாது. அங்கே சுருக்கம் ஒரு கருணை. ஒரு சொல் தாமதித்தால் ஓர் உயிர் போகும். மேஜர் சோம்நாத் சர்மா 1947 நவம்பர் 3 அன்று பட்காமிலிருந்து அனுப்பிய கடைசிச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி ஐம்பது கஜத்தில் இருக்கிறான், எண்ணிக்கையில் நம்மைவிட எவ்வளவோ அதிகம், நாசகரமான சுடுதலுக்கு நடுவில் இருக்கிறோம், ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டேன், கடைசி ஆள் கடைசி ரவை வரை சண்டையிடுவேன் என்பது அதன் சாரம். இதில் 'நான்' இருக்கிறது. தூரம் அளந்து சொல்லப்பட்டிருக்கிறது. நிலைமையின் மோசம் மறைக்கப்படவில்லை. முடிவெடுத்தவன் அதே முடிவுக்குள் நின்றுகொண்டு பேசுகிறான். கொஞ்ச நேரத்தில் இறந்தும் போகிறான். இதன் சுருக்கத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் பாசறைச் சுவருக்கு இதிலிருந்து என்ன போகும்? 'கடைசி ஆள், கடைசி ரவை.' ஐம்பது கஜம் போகாது, 'எண்ணிக்கையில் அதிகம்' போகாது, 'நான்' போகாது. ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொன்னது, இன்னும் போர்க்களத்தைப் பார்க்காத பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு மேலிருந்து இடும் ஏவலாகிவிடுகிறது.

ராணுவத்தில் வேறுவகைச் சுருக்கமும் பிறக்கிறது. ஆனால் கீழே, பாரக்கில். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் உண்டாக்கிய 'ஸ்நாஃபு' என்ற சொல் மேலிடத்தின் எழுத்துச் சுருக்கங்களை அப்படியே பகடி செய்வது. நிலைமை வழக்கம் போலத்தான், எல்லாம் நாசமாகக் கிடக்கிறது என்பது, அதிலுள்ள கெட்ட வார்த்தையை நீக்கிவிட்டால், அதன் பொருள். இதே சிப்பாய்களின் இன்னொரு விதி: அசைந்தால் சல்யூட் அடி, அசையாவிட்டால் எடுத்து வை, எடுக்க முடியாவிட்டால் பெயின்ட் அடி. ஏவலின் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டு ஏவியவனை அதற்குள் நிறுத்திக் காட்டுகிறது இது. இங்கே எழுவாய் தொக்கி நிற்கிறது. கேட்டால் எழுந்து வந்து பல்லைக் காட்டும். எந்தச் சின்னத்திலும் இதைப் பொறிக்க மாட்டார்கள்.

நம் பழைய இலக்கியத்தில் இதெல்லாம் வேறு மாதிரி இருந்தது என்று மார்தட்டுவதற்காக அல்ல, ஒரு வித்தியாசத்துக்காகப் புறநானூற்றின் வஞ்சினப் பாட்டுகளைச் சொல்கிறேன். எழுபத்திரண்டாம் பாட்டில் தலையாலங்கானத்துப் பாண்டியன், எதிரிகளை வெல்லாவிட்டால் தன் குடிகள் தன்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். தோற்றால் என்ன விலை, அதை யார் கொடுப்பது என்பதெல்லாம் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. பேசுபவன் அரசன்தான், அவனுக்காகச் சாகப்போகிற காலாள் அங்கேயும் பேசவில்லை. ஆனாலும் அரசன் தன்னை எழுவாயாக நிறுத்திக்கொள்கிறான். இந்தக் குறைந்தபட்ச நாணயம்கூட அகாடமிச் சுவருக்கும் ரெஜிமென்ட் சின்னத்துக்கும் தேவைப்படவில்லை.

எனவே சுருக்கத்தைப் பார்த்தவுடன் மரியாதை செய்யும் பழக்கத்தை நாம் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நம் சிறுபத்திரிகைகளில் வரும் ஆறு வரிக் கவிதைகளில் பாதிக்குமேல் யார் பேசுகிறார்கள், யாரிடம், என்ன நடந்தபின் என்பது தெரிவதில்லை. இதைச் செறிவு என்கிறோம். ஒரு வரி தன்னிடமிருந்து வெட்டியதை நாம் கேட்டால் திருப்பித் தருமா என்று பார்த்தபிறகு அப்படிச் சொல்லலாம். தராது என்றால், 'கோழையாக இருப்பதைவிடச் சாவது மேல்' என்ற வாக்கியம் இருக்கும் அதே அலமாரியில்தான் அதுவும் இருக்கிறது. அந்த வாக்கியமும் நன்றாகச் செதுக்கப்பட்டது. அதிலும் ஒரு சொல்கூட அதிகம் இல்லை.