மானிடவியல் யாரை ஆராய வேண்டும்?

பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்கு மானிடவியல் எப்படி உதவும் என்று பேசுகிற பலரும் போய்த் தொடுகிற நூல் ஒன்று உண்டு. பெஞ்சமின் பால் தொகுத்து 1955இல் வந்த 'ஹெல்த், கல்ச்சர் அண்ட் கம்யூனிட்டி'. அதில் எட்வர்ட் வெல்லின் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். பாடம் நடத்துகிறவர்கள் அதைச் சொல்லும் விதம் எனக்கு ஒப்பவில்லை.

கதை இதுதான். பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்றொரு கிராமம், 200 குடும்பங்கள். குடிக்கிற தண்ணி அசுத்தம். குழாய் போட வசதியில்லை என்று முடிவாகிவிட்டதால், காய்ச்சிக் குடிக்கச் சொல்ல நெலிடா என்ற சுகாதாரப் பணியாளரை அனுப்பினார்கள். இரண்டு வருஷம் வீடு வீடாக நடந்தார். புதிதாகக் காய்ச்சத் தொடங்கியவர்கள் 11 பெண்கள்.

காரணம் தேடிப் போனால், அந்த ஊரில் உண்ணும் பண்டமெல்லாம் சூடு, குளிர்ச்சி என்று பிரிந்து கிடக்கிறது. நம்ம கிழவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணி குளிர்ச்சி, நோயாளிக்கு ஆகாது. அதனால் காய்ச்சின தண்ணி நோயாளிக்கானது. நல்லா இருக்கிறவன் எதுக்கு அதைக் குடிக்கணும்? 'படிப்பறிவில்லாத ஜனங்க, சொன்னாக் கேட்காதுங்க' என்று அதிகாரி எழுதி மூடிய கோப்பை மானிடவியல் இந்த இடத்தில் திறக்கிறது. ஜனங்களிடம் ஒரு தர்க்கம் இருக்கிறது என்கிறது. இந்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் பெரும்பான்மையான ஏழைப் பெண்களுக்கு நெலிடா ஒரு வேவுக்காரி. வீட்டு அழுக்கைத் துப்பறிய வந்தவள். ஏற்கெனவே வேலையில் நொந்து கிடப்பவளை இன்னும் கூட்டு, இன்னும் துடை என்று நெருக்க வந்தவள். அவளோடு நின்று பேச அவர்களுக்கு நேரமும் இல்லை. என் வாசிப்பில் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குழாய்க்கு 'வசதியில்லை' என்று போட்ட கணக்கும் ஒரு நம்பிக்கைதானே, அதையும் அல்லவா ஆராய வேண்டும்?

இதை நான் சேரியிலிருந்து வாசிக்கிறேன். எங்கள் ஊருக்கு வந்த நர்சம்மா தெருமுனைப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்வார். 'உள்ள வாங்கம்மா' என்றால் 'நேரமாச்சு'. மேலத்தெருவில் உட்கார்ந்து டீ குடிக்க நேரம் இருந்தது. ஊசி போடாத பிள்ளைகள் அவர் நோட்டில் 'பெற்றோர் மறுப்பு' என்று ஏறினார்கள். "நாம எங்கடா மறுத்தோம், களை எடுக்கல்ல போயிருந்தோம்" என்று அம்மா சொல்லும்.

ஒரு ஊரோடு போகிற விஷயமில்லை இது. ஷா, மந்தர், தோரட், தேஷ்பாண்டே, பாவிஸ்கர் சேர்ந்து எழுதிய 'அன்டச்சபிலிட்டி இன் ரூரல் இந்தியா' 2006இல் வந்தது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த கணக்கு. மூன்றில் ஒரு கிராமத்தில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்திருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிக் கிராமங்களில் தலித்துகளுக்கு நீராதாரங்கள் மறுக்கப்பட்டிருக்கின்றன. இதற்குச் சூடு, குளிர்ச்சி என்று விளக்கம் சொல்ல முடியுமா?

திட்டமோ தலையை எண்ணுகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். கட்டிடம் எந்தத் தெருவில், பிரசவ வலியோடு போகிறவள் யார் வாசலைக் கடக்கணும் என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையில் வராது. ஒரு வருஷம் ஊரில் தங்கும் மானிடவியல்காரருக்கு அது தெரியவரும். (அவர் எந்தத் தெருவில் வீடு எடுத்தார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) அவர் எங்கள் நம்பிக்கைகளை எழுதியது போதும். ஒரு மாசம் நர்சம்மா பின்னால் நடக்கட்டும். எந்த வாசலில் கால் வைத்தார், எதில் வெளியிலேயே நின்றார், எத்தனை நிமிஷம் என்று குறிக்கட்டும். அந்த நோட்டு தடுப்பூசிக் கணக்கோடு சேர்ந்து மாவட்டச் சுகாதார அலுவலரின் மேசைக்குப் போகட்டும்.