பழைய பிபிஎஃப் உரிக்க எது நல்லது? ஹேர் டிரையர், ஸ்டீமர், ஹீட் கன்: கையில் எடுத்துப் பார்த்த விமர்சனம்

கார் பெயிண்ட்டைக் காக்க ஒட்டிய ஃபிலிமே சில வருஷம் கழித்து அந்தப் பெயிண்ட்டுக்கு வினையாக வந்து நிற்கும். பிபிஎஃப் என்று கடைகளில் சொல்லப்படும் இந்த ஃபிலிம் இப்போது பெரும்பாலும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனில் வருகிறது. கனம் 150 முதல் 200 மைக்ரான். வெயிலில் நின்று நின்று முதலில் மஞ்சளடிக்கும், பிறகு மேல்பரப்பு வெடிக்கும். ஓரங்களில் தூசி ஏறிக் கறுப்புக் கோடு விழும். அந்த நிலையில் இன்னும் ஒரு கோடையைத் தாண்டட்டும் என்று விட்டால் ஃபிலிம் மொறமொறப்பாகி, நகக்கண் அளவுத் துண்டுகளாகத்தான் வரும்.

சோதனைக்குக் கிடைத்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். பானட், முன் பம்பர், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி என நான்கு இடத்திலும் முந்தைய ஓனர் ஒட்டிய ஃபிலிம் இருந்தது. சூடேற்ற மூன்று கருவிகள், பசை எடுக்கச் சில திரவங்கள், அளக்க இரண்டு மீட்டர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூடேற்றும் கருவியைவிட அளக்கும் கருவிதான் முக்கியம்.

உரிக்கும் முன்பு

கம்பெனி பெயிண்ட் 140 டிகிரி செல்சியஸ் அளவிலான அடுப்பில் வெந்து இறுகியது. டிங்கரிங் முடித்து ஷெட்டில் அடிக்கிற பெயிண்ட் அதில் பாதிச் சூட்டில் காயும். சில இடங்களில் வெறும் காற்றிலேயே காயும். அடியில் பிடிப்பு குறைவு என்பதால் ஃபிலிமை இழுக்கும்போது பெயிண்ட்டும் கூடவே எழுந்து வரும் அபாயம் இந்த ரீபெயிண்ட் பாகங்களில்தான் அதிகம்.

அதனால் பெயிண்ட் திக்னஸ் மீட்டர் முதல் தேவை. ஃபிலிம் இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால் கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும். 200-ஐத் தாண்டினால் மேலே இன்னொரு கோட் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பல நூறு காட்டினால் அடியில் பட்டி பார்த்திருக்கிறார்கள். ஃபிலிம் மேலேயே வைத்து அளந்தால் அதன் கனமும் சேர்ந்துவிடும், கழித்துக்கொள்ள வேண்டும். இந்த மீட்டருக்கு ஒரு குறை: அடியில் உலோகம் இருந்தால்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் பயனில்லை. அதிகம் இடிபடுவதும் அதிகம் ரீபெயிண்ட் ஆவதும் அந்தப் பம்பர்தான். அங்கே கண்ணை நம்ப வேண்டியதுதான்: ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் தெளிப்பு, ஃபெண்டரோடு சற்றே ஒத்துப்போகாத நிறம், போல்ட் தலையில் ஸ்பானர் போட்ட தழும்பு.

அடுத்தது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். கொரோனா காலத்தில் நெற்றிக்குக் காட்ட வாங்கியது வீட்டில் கிடந்தால் அது இதற்கு ஆகாது. உடல் வெப்பத்தைச் சுற்றிய சில டிகிரிதான் அதன் எல்லை. எலக்ட்ரிக்கல், ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் தொழிற்சாலை ரகம் வேண்டும். பெயிண்ட் பரப்பில் நம்பகமாகக் காட்டும். குரோம் போன்ற பளபளப்பில் தப்பாகக் காட்டும்.

ஹேர் டிரையர்

கைப்பிடிக் குழி, கதவு விளிம்பு போன்ற சிறிய இடங்களுக்கு இதுவே தாராளம். பசை இளகத் தேவையான 50 முதல் 60 டிகிரிக்குப் பரப்பு வர நேரம் பிடிக்கும், ஆனால் அதைத் தாண்டி எளிதில் எகிறாது. பானட்டில் கை ஓய்ந்துவிடும்; ஓரத்தைச் சூடேற்றி நடுவுக்கு வருவதற்குள் ஓரம் ஆறிவிடும். வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு நிழலுக்குக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கறுப்பு வண்டியாக இருந்தால் நம் ஊர் மே மாத வெயிலே போதுமான சூட்டைக் கொடுத்துவிடும்.

ஸ்டீமர்

சமையலறை, சோபா சுத்தம் செய்ய விற்கும் சிறிய ஸ்டீமர்தான். எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. வாயை விட்டு வெளியே வந்ததும் ஆவி வேகமாக ஆறத் தொடங்கிவிடுவதால், கையை நகர்த்திக்கொண்டே இருந்தால் பெயிண்ட் கருக வழியில்லை. ஈரச் சூடு வெடிப்புகளுக்குள் புகுந்து மொறமொறத்த ஃபிலிமை இளக்குகிறது. துண்டு துண்டாக வந்துகொண்டிருந்த பானட் முனை, ஸ்டீமருக்குப் பிறகு உள்ளங்கை அகலப் பட்டைகளாக வந்தது. ஹெட்லைட் ஓரம், பார்க்கிங் சென்சார், எம்பளத்தின் அடி ஆகிய இடங்களில் நேராக அடிக்காதீர்கள். தண்ணீர் இறங்கிவிடும்.

ஹீட் கன்

வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆபத்திலும் அப்படியே. வாய்ப்பக்கம் 500, 600 டிகிரி வரை போகும் கருவி இது. ஒரே இடத்தில் சில நொடி நின்றாலே போதும், கிளியர் கோட் பொங்கிவிடும், பம்பர் நெளிந்துவிடும். ஒரு கையில் கன், இன்னொரு கையில் ஃபிலிம் என்றால் தெர்மாமீட்டரைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். ஆள் இருந்தாலும் குறைந்த நிலை, ஒரு சாண் தூரம், ஆடிக்கொண்டே இருக்கும் கை.

இழுக்கும் பதம்

எந்தக் கருவியானாலும் மிச்சம் எல்லாம் கையில்தான். ஃபிலிமை நிமிர்த்தி மேலே இழுத்தால் விசை பெயிண்ட்டை அப்படியே தூக்கப் பார்க்கும். பரப்பை ஒட்டிப் படுத்தவாக்கில், மெதுவாக இழுக்க வேண்டும். இந்தப் பசைக்கு ஒரு குணம்: வேகமாக இழுத்தால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், மெல்ல இழுத்தால் விட்டுக்கொடுக்கும்.

உரியும் கோட்டைக் குனிந்து உற்றுப் பாருங்கள். பசை மெல்லிய வெள்ளை நூல்களாக நீண்டு, சட்டென அறுந்து ஃபிலிமோடு போனால் பதம் சரி. நூல் நீளமாகி இழுபட்டு பெயிண்ட்டிலேயே தங்கினால் சூடு அதிகம், ஆறவிட வேண்டும். ஃபிலிம் டக் டக்கென்று விட்டுவிட்டு வந்தால் சூடு பற்றவில்லை. இந்த மூன்றும் பிடிபட்ட பிறகு தெர்மாமீட்டரை எடுப்பதே குறைந்துவிட்டது.

மிச்சப் பசை

"தின்னர் போட்டா ஒரு நிமிஷத்துல போயிடும் சார்" என்பார் ஷெட்டில் பெயிண்டர் அண்ணன். பசை போகும், ரீபெயிண்ட் பாகமாக இருந்தால் பெயிண்ட்டும் இளகிப் போகும். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் பெட்ரோலும் அதே கதைதான். சிட்ரஸ் வகை பசை நீக்கி முதலிடம். மண்ணெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவியாக வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கடைசித் துடைப்புக்குச் சரி, கனத்த பசையை அசைக்க அதற்குத் திராணி இல்லை.

பசை நீக்கியைத் தெளித்துவிட்டு, உரித்த ஃபிலிம் துண்டையே அதன் மேல் போர்த்தினால் ஆவியாகாமல் ஊறும். ஊறிய பசையை மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் உருட்டி எடுக்கலாம், தேவைப்பட்டால் பிளாஸ்டிக் பிளேடு. ஸ்டீல் பிளேடு பக்கம் போகவே வேண்டாம். திரவம் தொட்ட பிறகு ஹீட் கன்னை மறுபடி எடுக்கவும் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடியது.

எல்லாம் முடிந்த பின், ஃபிலிம் இருந்த எல்லையில் ஒரு கோடு தெரியும். அது கீறல் அல்ல. மூடியிருந்த பெயிண்ட்டுக்கும் வெயில் தின்ற பெயிண்ட்டுக்கும் உள்ள வித்தியாசம். கிளே பார் போட்டுவிட்டு, கோட்டுக்கு வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய பாலிஷ் கொடுத்தால் பெரும்பாலும் மங்கிவிடும். கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான். அதைக் கரைத்துக் கோட்டை அழிக்கப் பார்ப்பது லாபமில்லை.

யாருக்கு எது?

சின்ன இடங்கள் மட்டும் என்றால் வீட்டு ஹேர் டிரையரும் தெர்மாமீட்டரும் போதும். பானட் முழுவதும், ஃபிலிம் வெடித்திருந்தால் ஸ்டீமர்; கொடுத்த காசுக்கு மதிப்பு இதில்தான். ஹீட் கன் ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். திக்னஸ் மீட்டரைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்துக் கொடுப்பவர்களிடமும் டீட்டெய்லிங் கடைகளிலும் இருக்கும். ரீபெயிண்ட் என்று சந்தேகம் வந்த பம்பரை வீட்டில் தொடாதீர்கள். கடையில் கொடுத்து, பெயிண்ட் எழுந்தால் மறுபெயிண்ட் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.